ஒற்றைப் பிரதியின் ஆபத்து: இந்தியச் சோதனைக் குறும்படங்களின் மறுவாழ்வு

பிரமோத் பதியின் ‘எக்ஸ்ப்ளோரர்’ (1968) ஏறத்தாழ ஏழு நிமிடப் படம். வெட்டி வெட்டி மாறும் காட்சிகள், ஆடும் இளைஞர்கள், வழிபாட்டுச் சின்னங்கள், ஆய்வகக் கருவிகள்; விளக்கவுரை இல்லை. இணையத்தில் இதனை முதன்முறை காணும் மாணவர், ஏதோ கலகக் குழுவொன்றின் ஆக்கம் என்றே கருதுவார். தயாரித்ததோ இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன்.

1948-இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் படங்களை முழுநீளப் படத்திற்கு முன்னர்த் திரையிடுவது திரையரங்குகளின் கட்டாயக் கடமையாக இருந்தது. அணைகளையும் திட்டங்களையும் போற்றிய அப்படங்களுக்கிடையே, 1960-களின் நடுப்பகுதியில் வேறொரு போக்கு முளைத்தது. யுனெஸ்கோவில் பணியாற்றிய ழான் பாவ்னகரி அந்நிறுவனத்திற்கு மீண்டும் வந்து, இயக்குநர்களுக்கும் ஓவியர்களுக்கும் சோதனை செய்ய இடமளித்தார். எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் 20’ படத்தில், விடுதலையோடு பிறந்த தலைமுறையினரைப் பேசவிட்டார். எம்.எஃப். ஹுசைனின் ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ 1967-இல் பெர்லின் விழாவில் குறும்படத்திற்கான தங்கக் கரடி விருதைப் பெற்றது. ஓவியர் தையெப் மேத்தா 1970-இல் எடுத்த படத்தின் தலைப்பு ஒரு தமிழ்ச் சொல்: ‘கூடல்’.

அரசின் ஆதரவு கலைஞரின் சுதந்திரத்தை எவ்வளவு வளைத்தது என்பது ஆய்வுலகில் பழகிய வினா. எனக்கு அதனினும் அடிப்படையாகத் தோன்றும் வினா வேறு: இப்படங்கள் எவ்வாறு எஞ்சின?

ஒப்பிட ஒரு சான்று உண்டு. அதே பம்பாயில், ஓவியர் அக்பர் பதம்சீ ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கையைக் கொண்டு 1969-இல் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்’ என்னும் பட்டறையை அமைத்தார். நளினி மலானி போன்ற இளங்கலைஞர்கள் அங்கே படச்சுருளோடு சோதனை செய்தனர். பதம்சீ எடுத்த ‘ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ படத்திற்கு இருந்தது ஒரே பிரதி, அது தொலைந்தது. 2016-இல் ஆஷிம் அலுவாலியா, முதிய பதம்சீயின் நினைவைத் துணைக்கொண்டு அதனை மீட்டுருவாக்க முயன்று ஒரு படம் எடுத்தார். இன்று நாம் காண்பது அந்த நினைவின் நிழலே.

நிறுவனத்தின் படங்களுக்குக் காப்பகம் இருந்தது. நாடெங்கும் செல்லும் பிரதிகள் இருந்தன. தனிக்கலைஞரின் படத்திற்கு இரண்டுமில்லை. இது தரத்தின் தீர்ப்பன்று; பிரதிகளின் தீர்ப்பு. பெயர்த்தெழுதப்படாத ஏடு செல்லுக்கு இரையாகும் என்பதைச் சுவடிப் பதிப்பு வரலாறு அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

2010-களில் பிலிம்ஸ் டிவிஷன் தன் படங்கள் பலவற்றை யூடியூபில் ஏற்றியபோது, திரையரங்கில் விரும்பாமற் பார்க்கப்பட்டவை விரும்பித் தேடுவோரை அடைந்தன. 2022-இல் அந்நிறுவனமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இணையத்தில் இருப்பது காப்பகத்தில் இருப்பதற்கு நிகர் என்று நான் ஒருகாலத்தில் நம்பினேன். என் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் தந்திருந்த சுட்டியொன்று, ஓராண்டு கழித்துத் திறந்தபோது வெற்றுப்பக்கமாய் நின்றது. அந்தப் படத்தின் இயக்குநர் பெயரைத் தவிர வேறெதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை, பிழை என்னுடையது.

மேலும், அன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலித்த அரசு ஆவணப்படங்களை இணையத்தில் நாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கிறோம். எந்த ஊரில், எந்தப் படத்திற்கு முன், எவர் பார்த்தனர் என்னும் வரலாறு காணொளியோடு வருவதில்லை.

ஆகவே, ஓர் அரிய குறும்படத்தைப் பகிரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சுட்டியை மட்டும் பகிராதீர்கள். இயக்குநர், ஆண்டு, தயாரிப்பு, கால அளவு, மொழி, பார்த்த நாள் ஆகியவற்றையும், கண்டவற்றைப் பற்றி நான்கு வரிகளையும் சேர்த்தெழுதுங்கள். படம் மறைந்தாலும் அதனைத் தேட ஒரு தடம் எஞ்சும். பதம்சீயின் படத்தை மீட்க முனைந்தோர் கையில் இருந்ததும், பார்த்தவரின் நினைவு என்னும் அத்தகைய ஒரு தடமே.