இருத்தலியலில் சுதந்திரமும் பொறுப்பும்

இருத்தலியல் என்பது மனிதனின் இயல்பு முன்கூட்டியே வகுக்கப்பட்டதன்று, அவன் தன் தெரிவுகளாலும் செயல்களாலும் தன்னை ஆக்கிக்கொள்கிறான் எனக் கொள்ளும் மெய்யியல் போக்கு ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் கீர்க்கெகார்டின் எழுத்துகளில் வேர்கொண்ட இப்போக்கு, 20 ஆம் நூற்றாண்டில் ஐடெக்கர், சார்த்தர், சிமோன் த பொவார் ஆகியோரால் விரிவாக்கம் பெற்றது. தமிழில் இதனை விரிவாக அறிமுகப்படுத்திய நூல் எஸ். வி. ராஜதுரை 1975 இல் எழுதியதாகும். சுதந்திரம், பொறுப்பு, மெய்யான இருப்பு ஆகிய கருத்துகள் இங்கு வேலூர், ஆம்பூர்ப் பகுதித் தோல் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகின்றன.

அடிப்படைக் கருத்துகள்

காலணி செய்பவர் அதன் பயனையும் வடிவையும் முதலில் மனத்தில் கொண்ட பின்னரே தோலை வெட்டுகிறார். மனிதனுக்கு அத்தகைய முன்வரைவு ஏதுமில்லை என்பது சார்த்தரின் நிலைப்பாடு. எனவே தெரிவு செய்யாதிருப்பதும் ஒரு தெரிவே ஆகிறது. இங்கு சுதந்திரம் என்பது நினைத்ததைச் செய்து முடிக்கும் ஆற்றல் அன்று. பிறந்த ஊர், குடும்பம், வறுமை போன்றவை நம் விருப்பத்தால் அமைபவை அல்ல. அவற்றை எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதிலேயே சுதந்திரம் உள்ளது.

இச்சுதந்திரம் சுமையாக இருப்பதால் மனிதர் அதனை மறைக்க முயல்கின்றனர். இதனைச் சார்த்தர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளல் என விளக்கினார். வேலைக்குரிய வேடமே தான் என்பதுபோல நடந்துகொள்ளும் உணவக ஊழியர், 1943 இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் அவர் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆவார். ஐடெக்கரும் 1927 இல், எல்லோரும் செய்வதையே தானும் செய்து பெயரற்ற கூட்டத்துள் மறையும் வாழ்வைப் பற்றி எழுதினார். 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு' என்னும் நம் பழமொழியை அவர் ஐயத்துடனேயே நோக்கியிருப்பார் எனலாம்.

பாலாற்றுப் படுகை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முன்னர் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் தோல் பதனிடப்பட்டது. 1970களில் முழுமையாக முடிக்கப்பட்ட தோலின் ஏற்றுமதியை அரசு ஊக்குவித்ததை அடுத்து, குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் முறை பரவியது. கழிவுநீர் பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலந்து கிணறுகள் கெட்டன. ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஏற்றதல்லாமல் போனதாக உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வு கூறியது.

இந்நிலத்தைக் கெடுக்க வேண்டும் என எவரும் தீர்மானிக்கவில்லை. ஓர் ஆலையின் பங்கு சிறியது. பக்கத்து ஆலையும் அதையே செய்தது. தனிமனிதத் தெரிவை மட்டும் பேசும் தொடக்ககால இருத்தலியலுக்கு இது கடினமான சிக்கல். சார்த்தர் 1960 இல் வெளியிட்ட 'இயங்கியல் பகுத்தறிவு மீதான விமர்சனம்' நூலில் இதனை எதிர்கொண்டார். சீன உழவர் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்துக்காக மரங்களை வெட்ட, அனைவரின் செயலும் சேர்ந்து பெருவெள்ளமாகி அவர்களையே தாக்கியதை அவர் எடுத்துக்காட்டினார். பாலாற்று நிகழ்வு இதனோடு பெரிதும் ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கு இழப்பின் பெரும்பகுதி ஆலை நடத்தாத உழவர்மீது விழுந்தது.

சட்டப் பொறுப்பும் இருத்தலியல் பொறுப்பும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என அது அறிவித்தது. தொடர்புடைய மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கூட்டத்துள் மறைய இடமளிக்காத வகையில் இத்தீர்ப்பு இருத்தலியலுக்கு நெருக்கமானது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சட்டம் நோக்கத்தைக் கேட்பதில்லை. தீங்கு நேர்ந்தால் பொறுப்பு பிறக்கிறது. இருத்தலியலிலோ, செயலைத் தனது என ஒருவர் ஏற்க வேண்டும். தண்டத்தைச் செலுத்திய பின்னும் 'எல்லோரும் செய்ததுதானே' எனக் கூறுபவர், சட்டப்படி கடன் தீர்ந்தவர். சார்த்தரின் பார்வையில் தன்னை ஏமாற்றிக்கொள்பவர். இழப்பீடு முழுமையாகச் சென்றடையாத நிலையில், 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பகுதி குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

விமர்சனம்

பசியோடு வேலை தேடுபவரிடம் தெரிவைப் பற்றிப் பேசுவது பொருளற்றது என மார்க்சியர் இருத்தலியலைச் சாடினர். இக்குற்றச்சாட்டில் வலு உண்டு. சிமோன் த பொவார் 1947 இல் இதற்கு ஓரளவு விடை தந்தார்: பிறரது சுதந்திரம் நசுக்கப்பட்டிருக்கையில் ஒருவர் தன் சுதந்திரத்தை மட்டும் முழுமையாக விரும்ப இயலாது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.