கூலியும் சம்பளமும்: தோட்டப்புறத்திலிருந்து நடுத்தர வாழ்வுக்கு

நடுத்தர வர்க்கம் என்னும் தொடரை அன்றாடம் வழங்குகிறோம். ஆயினும் அதன் எல்லையை வரையறுப்பது எளிதன்று. மலேசிய அரசு குடும்பங்களை வருமான வரிசையில் வைத்து, கீழுள்ள 40 விழுக்காட்டினரை பி40 என்றும், நடுவிலுள்ள 40 விழுக்காட்டினரை எம்40 என்றும், மேலுள்ள 20 விழுக்காட்டினரை டி20 என்றும் பகுக்கிறது. நாடு செழித்தாலும் நொடித்தாலும் இப்பகுப்பில் நடுப்பகுதி இருந்தே தீரும். ஆகவே, வரிசையில் பெறும் இடம் வேறு. வாழ்வின் உறுதிப்பாடு வேறு. அவ்வுறுதி எதனால் அமைகிறது என்பதை இவ்வட்டாரத் தமிழர் வரலாறும், அவ்வரலாறு விட்டுச்சென்ற சொற்களும் காட்டுகின்றன.

'கூலி' பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் அதனை உழைப்பின் பயன் என்னும் பொருளில் ஆண்டார். காலனி ஆட்சிக் காலத்திலோ, ஊதியத்தைக் குறித்த அச்சொல் ஊதியம் பெறும் ஆளையே குறிக்கலாயிற்று. 'லயம்' என்பது ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு. வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பைச் சுட்டும். இசையின் லயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'கிராணி' என்பது மலாய் 'கெரானி'யோடு உறவுடையது. பால்வெட்டும் தொழிலாளி நாட்கூலி பெற்று லயத்தில் வாழ்ந்தார். கிராணியார் மாதச் சம்பளம் பெற்றார். ஒரே தோட்டத்தில் இரு வேறு வாழ்வுகளை இச்சொற்கள் பிரித்து நிறுத்தின.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றோர் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர்களுக்கு அமைந்த குடியிருப்புகளும் வேலைக்கு உரியனவே. ஓய்வு பெற்றதும் ஒழித்துத் தர வேண்டியனவே. ஆயினும் ஓய்வூதியமும் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியும் அவர்களிடம் எஞ்சின. தோட்டத்திலோ 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. அப்பள்ளிகள் தமிழை வாழவைத்தன. ஆனால் அவற்றில் கற்றோர்க்கு அலுவலகக் கதவு எளிதில் திறக்கவில்லை. குறை மொழியிடத்தில் இல்லை; தொடக்கநிலைக்கு அப்பால் படிநிலை அமைக்காத கொள்கையிடத்திலேயே இருந்தது.

விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு லயமும் பறிபோகும் நிலை தோன்றியது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கான விடையாக எழுந்தது. தொழிலாளர் தம் சேமிப்பைப் பங்காக இட்டுத் தோட்டத்துக்கே உடைமையாளராதல் அதன் நோக்கம். கூலி பெறுவோர் சொத்துடையோராதல் வேண்டும் என்னும் எண்ணமே அதன் அடித்தளம்.

டெங்கிலுக்கு அருகிலிருந்த பிராங் புசார் தோட்டத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயர் 1921இல் அதனை உருவாக்கினர். மலாயில் அப்பெயர் 'பெரும்போர்' எனப் பொருள்படும். அங்கு உருவான இரப்பர் இனங்கள் தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி பிபி 86, பிபி 260 என உலகெங்கும் வழங்கின. கேரளத்திலும் இந்தோனேசியாவிலும் அவை நடப்பட்டன. மரத்துக்குத் தோட்டத்தின் பெயர் நிலைத்தது. அம்மரத்தில் பால் வெட்டியோருக்கு அம்மண்ணில் உரிமை நிலைக்கவில்லை. 1995இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்குப் பெயர்ந்தது. பிராங் புசார் உள்ளிட்ட தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். தரைவீடு வேண்டும் என்னும் அவர்களின் கோரிக்கை அதன்பின் நெடுங்காலம் ஒலித்தது.

தலைநகர் அருகில் எழுந்தால் அதனைச் சூழ்ந்தோர் வாழ்வும் தானே உயரும் என்பது பொருளியல் வளர்ச்சி பற்றிய பொது நம்பிக்கை. கையில் நிலமும், அலுவலகத்துக்கு வேண்டிய கல்வியும் உடையோர்க்கு அது பெரிதும் உண்மையாயிற்று. வேலையோடு வீட்டையும் இழந்தோர், வளர்ச்சியின் வாயிலிலேயே புதிதாகத் தொடங்க நேர்ந்தது. சம்பள உயர்வு மட்டும் நடுத்தர வாழ்வைத் தாராது; வேலை நின்ற நாளில் எஞ்சுவது எதுவோ, அதுவே ஒரு குடும்பத்தைத் தாங்குகிறது.

இன்றைய இளைஞர் முன்னும் இவ்வினா நிற்கிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025இல் அது 1,700 ரிங்கிட் ஆயிற்று. இவ்வுயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் உணவு விநியோகத்திலும் வாடகை வண்டியோட்டத்திலும் இறங்கியோர்க்கு மாதச் சம்பளம் என்பதே இல்லை. ஓடிய ஓட்டத்துக்கு ஏற்ற வருவாயே உண்டு. நிறுவனங்கள் அவர்களைப் பங்காளர் என அழைக்கின்றன. தமிழ் வழக்கில் பங்காளி என்பவர் குடும்பச் சொத்தில் உரிமையுடையவர். இங்கோ சொத்தில் பங்கில்லை. ஊழியர் சேமநிதிக்கு நிறுவனம் செலுத்தும் கட்டாயப் பங்கும் வழக்கமாக இல்லை. பெயர் உயர்ந்துள்ளது; முறைமையோ பழைய கூலியை நெருங்குகிறது.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறையில் துயரக் கதையாக மட்டும் கூறாதிருத்தல் நலம். மாணவர் முதல் வேலையில் அமரும்போது வருவாய் எவ்வளவு என்பதோடு, சேமநிதி உண்டா, கற்ற தொழில் வேறிடத்தில் செல்லுமா, குடியிருக்கும் வீடு யார் பெயரில் உள்ளது என்பனவற்றையும் கேட்டறியப் பழக்குதல் வேண்டும். தோட்டத்து முன்னோர்க்கு இவ்வினாக்களைக் கேட்கும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதனைப் படிக்கும் கல்வியேனும் பெற்றிருக்கின்றனர்.