மணலும் மனப்பாடமும்: திண்ணைப் பள்ளியின் வாசிப்புப் பயிற்சி

தமிழ்க் குழந்தைகள் எழுத்தறிந்த வரலாற்றை எழுதுவோர் பலரும் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியாரிடமிருந்தே தொடங்குவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கென ஏற்பட்ட அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக இவர் பொறுப்பேற்றார். ஒருநாள் காலை குதிரையில் செல்லுங்கால் ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழையாமையால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழி இது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் பரவியது.

‘மலபார்’ என்னும் சொல்லைக் கொண்டு இதனைக் கேரளத்துப் பள்ளி என எழுதுவாரும் உளர். அக்கால ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்றும் வழங்கினர். 1716இல் வெளிவந்த சீகன்பால்கின் இலத்தீன் இலக்கண நூலின் தலைப்பே இரண்டையும் ஒன்றாக வைக்கிறது. பெல் கண்டது தமிழ்த் திண்ணைப் பள்ளி எனக் கொள்வதே பொருந்தும்.

பெல் எடுத்துக்கொண்டவை மணலும் சட்டாம்பிள்ளையும். திண்ணைப் பள்ளியின் உயிர்நிலையான மனப்பாடம் அவர் கண்ணிற் படவில்லை. பிற்காலக் கல்வி அதிகாரிகளோ அதனைப் பொருளறியா ஓதல் என இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சி சுவடியின் இயல்பை அறியாததால் எழுந்தது என்பது என் கருத்து. ஓலையில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடா. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இத்தகைய ஏட்டைச் சொல்லை முன்னரே அறிந்த செவி உடையவனே படிக்க இயலும். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் வாயால் உருவேற்றிய சிறுவன், பின்னர் ஓலையில் அவற்றைக் காணும்போது புதியதொன்றைப் படிக்கவில்லை. தெரிந்ததை அடையாளம் காண்கிறான். ஆத்திசூடியின் அடிகள் நெடுங்கணக்கு வரிசையைப் பற்றிச் செல்வதும் இதற்குத் துணைசெய்தது. எழுத்தும் வாயால் ஒலித்துக்கொண்டே மணலில் எழுதப்பட்டமையால் கண், கை, செவி மூன்றும் ஒருங்கே பழகின. புள்ளியும் சொல்லிடைவெளியும் உடைய அச்சுநூல் வந்தபின் இத்தேவை குறைந்தது. பழக்கம் மட்டும் எஞ்சியது. அதிகாரிகள் கண்டது பெரும்பாலும் இந்த எச்சத்தையே. பிரம்படியையும் கோதண்டத்தையும் நான் இங்கு நியாயப்படுத்தவில்லை.

வீட்டில் நிகழ்ந்த கற்பித்தலுக்கு வருவோம். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்த கணக்கெடுப்பின் முடிவுகள் அவரது 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ளன. மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். இவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சென்னை நகர ஆட்சியரோ வீட்டிலேயே கற்போர் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என அறிவித்தார். இது நகரப் பள்ளிகளிற் பயின்றோரைப் போல் ஐந்து மடங்கு ஆதலின், பிழை இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். எனினும் உறவினரிடமோ தனியாசிரியரிடமோ வீட்டிற் கற்பது பெருவழக்கு என்பதை ஏற்று, பள்ளி வயது ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுவர் என மதிப்பிட்டார்.

1931இல் காந்தியடிகள் இலண்டனில் ஆற்றிய உரையும், 1983இல் தரம்பால் தொகுத்து வெளியிட்ட ஆவணங்களும் இவ்வெண்களை மீண்டும் விவாதத்துக்குக் கொணர்ந்தன. விவாதமெல்லாம் பள்ளிகளின் எண்ணிக்கை பற்றியே நிகழ்ந்தது. வீட்டில் எழுத்தைக் கற்பித்தவர் யார், எந்தச் சுவடியைக் கொண்டு கற்பித்தனர், அருகிலிருந்து கேட்ட பெண்குழந்தை எவ்வளவு கற்றாள் என்பனவற்றை மன்றோவின் வினாப்படிவம் கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணை ஏற இயலாத அக்காலத்தில், அவர்களுள் எழுத்தறிந்தோர் எவ்வழியில் அறிந்தனர் என்பதற்கும் அதில் கட்டம் இல்லை. சுவடிகளின் இறுதியில் எழுதியோர் விட்டுச்சென்ற பெயர்க்குறிப்புகளை இந்நோக்கில் தொகுத்துப் பார்ப்பது அடுத்து நாம் செய்ய வேண்டிய பணி.