மணலை அள்ளிக் கொண்டுபோன ராஜா

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போற ரோட்டில் திருவரங்குளம்னு ஒரு ஊர் வரும். பழைய சிவன் கோயில் இருக்கிற ஊர். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது கோயிலைப் பற்றி இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊரைச் சுற்றி இருந்த காட்டைப் பற்றி.

புதுக்கோட்டை அரண்மனை மரபு ஒரு கதை சொல்லும். 1738ல் விஜய ரகுநாத ராய தொண்டைமான் இந்தக் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்திக்கிறார். அவர் மௌன விரதத்தில் இருக்கிற துறவி. ராஜா உபதேசம் கேட்கிறார். அவர் வாய் திறக்காமல், தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டுகிறார். ராஜா அந்த மணலை அப்படியே அள்ளித் துணியில் முடிந்து, அரண்மனைக்குக் கொண்டுபோய் பூஜையில் வைக்கிறார்.

இது அப்படியே நடந்ததான்னு கேட்பீங்க. என்னை இழுத்தது வேற விஷயம். மணலை அள்ளின அந்த நிமிஷமே எழுத்து அழிஞ்சிருக்கும் இல்லையா? ஆனா கதையைச் சொன்னவங்களுக்கும் அது உறுத்தலை, கேட்டவங்களுக்கும் உறுத்தலை. "எழுத்தே போச்சே, இனி இது வெறும் மணல்தானே" என்ற கேள்வி அந்த உலகத்தில் எழவே இல்லை. அப்படி ஒரு கேள்வி எழவே விடாமல் வைத்திருக்கிறதே, அதைத்தான் உலகப் பார்வைன்னு சொல்றோம். அது ஒரு கட்சியோ கொள்கையோ இல்லை. நாம நின்னுக்கிட்டிருக்கிற தரை. தரையை யாரும் விளக்கிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

கருத்தியல் அப்படி இல்லை. அதுக்கு ஒரு பேர் உண்டு, எதிரி உண்டு, "இதை மாற்றணும், இப்படி மாற்றணும்" என்ற திட்டமும் உண்டு. அது வாதாடும், ஆள் சேர்க்கும். தமிழில் ஒரு சின்னத் தொல்லை: 'சித்தாந்தம்' என்ற ஒரே சொல்லை சைவத்துக்கும் போடுறோம், மார்க்சியத்துக்கும் போடுறோம். அதனால இந்த ரெண்டும் அடிக்கடி குழம்பும். ஐரோப்பாவிலும் ரெண்டு சொற்களுமே புதுசுதான். 'உலகப் பார்வை' என்பதற்கான ஜெர்மன் சொல் 1790ல் கான்ட் எழுதிய நூலில் வருது. 'ஐடியாலஜி' 1796ல் பிரான்சில் தெஸ்த்யூ த த்ராசி உருவாக்கியது. அவர் அதை ஒரு அறிவியலாத்தான் நினைத்தார். நெப்போலியன் அதை வசைச் சொல்லா மாற்றிட்டார்.

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம். அங்கே ராஜாக்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாஸ்'னு சொல்லிக்கிட்டாங்க. நாடு திருக்கோகர்ணத்து அம்மனுடையது, ராஜா அவளுக்கு ஊழியர். சமஸ்தானத்தின் செப்புக்காசிலும் அம்மன்தான். அதனால பேரே அம்மன் காசு. ஓரணாவுக்கு 20 காசு. நவராத்திரி தானத்தில் அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பாங்க.

இந்த அமைப்பில் கொடுக்கிறதுதான் ஆட்சி. வரலாற்று மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டை பற்றி 1987ல் 'தி ஹாலோ கிரவுன்' என்ற புத்தகம் எழுதினார். அதில் வரும் ஒரு கணக்கு: 19ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சமஸ்தானத்தின் சாகுபடி நிலத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவான நிலம்தான் அரசுக்கு வருமானம் தந்தது. மிச்சமெல்லாம் இனாம். படைவீரர்கள், அரண்மனை ஊழியர்கள், கோயில்கள், கிராமத் தொழிலாளர்கள்னு பலருக்கும் கொடுத்தது. இந்த நிலத்தை வச்சுக்கோ, இந்த ஊழியத்தைச் செய். அந்த ஊழியம்தான் ஊரில் உனக்கு என்ன இடம் என்பதையும் சொல்லும்.

பிரிட்டிஷ் அதிகாரிகளின் கண்ணுக்கு இது தலைகீழாத் தெரிந்தது. "வருமானத்தை எல்லாம் தானம் பண்ணிட்டா அரசு எப்படி நடக்கும்? இந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் யார்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுக் கருத்தியல் இருந்தது: ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு உரிமையாளர் வேணும், அவர் வரி கட்டணும், அப்பதான் விளைச்சல் பெருகும். 1878ல் இங்கே திவான் பொறுப்பேற்றவர் சேஷய்ய சாஸ்திரி. அவர் காலத்தில், 1888ல், இனாம் செட்டில்மென்ட் வந்தது. பெரும்பாலான ஊழிய இனாம்களில் ஊழியத்தை நீக்கி, வரி விதித்து, நிலத்தை வச்சிருந்தவருக்கே பத்திரம் கொடுத்தாங்க.

ஒரு வகையில் இது விடுதலைதான். பலருக்கு நிலம் சொந்தமாச்சு. இன்னொரு வகையில், அரண்மனையோடும் கோயிலோடும் இருந்த கயிறு அறுந்தது. சாஸ்திரி நாத்திகர் இல்லை, ஆசாரமான மனுஷர். அவர் உலகப் பார்வை பழசு, அவர் நடத்திய திட்டம் புதுசு. ஒரே ஆளுக்குள்ள ரெண்டும் சண்டை போடாம இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இன்னைக்கு ஒரு இடத்தைக் காட்டினா நாம முதல்ல கேட்கிறது "பட்டா யார் பேர்ல இருக்கு?" யாருக்கும் இது கருத்தியலாத் தோணாது. அன்னைக்கு வாதாடிக் கொண்டுவந்தது, இன்னைக்கு நமக்குத் தரை ஆயிடுச்சு.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். தரையா இருந்ததை யாராவது கேள்வி கேட்டா, அது எழுந்து நின்னு வாதாட ஆரம்பிக்கும். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கோங்க. அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே படிக்க முத்துலட்சுமிக்கு ராஜாவின் அனுமதி தேவைப்பட்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கணும்னு 1927ல் அவர் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தப்ப, எதிர்த்துப் பேசியவர்களில் ஒருத்தர் சத்தியமூர்த்தி. அவரும் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரர்தான், திருமயத்தில் பிறந்தவர். தேவதாசிகள் சிலரும் ஒன்று சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தாங்க. நூற்றாண்டுக் கணக்கா விளக்கம் தேவைப்படாம ஓடின ஒன்றுக்கு, முதல் தடவையா எழுத்தில் நியாயம் சொல்ல வேண்டி வந்தது.

தரை எல்லாருக்கும் ஒரே மாதிரி சமமா இருக்காது. மேட்டில் நிற்கிறவனுக்கு அது கண்ணில் படாது, பள்ளத்தில் நிற்கிறவளுக்குத் தினமும் தெரியும். முத்துலட்சுமிக்குச் சின்ன வயசிலேயே தெரிஞ்சிருக்கு.

1929ல் சென்னை மாகாணத்தில் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் என்ன செய்தது தெரியுமா? தேவதாசிகள் கையில் இருந்த இனாம் நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்து, அவங்களுக்கே சொந்தமாக்கியது. 1888ல் புதுக்கோட்டையில் கையாண்ட அதே கத்தரிக்கோல். இந்தத் தடவை அதைப் பிடிச்சிருந்தது அந்த ஊர்ப் பொண்ணு.