திறைசேரிக் கதிரை

2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் திகதி பல்மோறல் மாளிகையிலிருந்து என்ன செய்தி வருமோ என்று இலண்டன் முழுவதும் காத்திருந்தது. அன்று பிற்பகல் எலிசபெத் மகாராணி காலமானார். அதே நாளில் வைற்ஹோலிலிருந்து வந்த இன்னொரு செய்தியை அநேகர் கவனிக்கவில்லை. பிரித்தானியத் திறைசேரியின் நிரந்தரச் செயலாளர் சேர் ரொம் ஸ்கொலர் பதவியிலிருந்து அனுப்பப்பட்டார். லிஸ் ட்ரஸ் பிரதமராகி இரண்டே நாட்கள். புதிய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் தனது கதிரையின் உயரத்தைக்கூடச் சரிசெய்திருக்கமாட்டார். 2016 முதல் அந்தப் பொறுப்பில் இருந்த ஸ்கொலர் களவெடுத்தாரென்றோ கணக்கில் பிழைவிட்டாரென்றோ எவரும் சொல்லவில்லை. ‘திறைசேரியின் பழைய வைதீகத்தை’ உடைக்கப் போவதாகத் ட்ரஸ் தன் கட்சிக்காரரிடம் வாக்குக் கேட்டிருந்தார். உடைப்பது முதலில் ஆளிலிருந்து தொடங்கியது.

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அரசாங்கம் மாறினால் செயலாளர் மாறுவார், கூட்டுத்தாபனத் தலைவர் மாறுவார், சில இடங்களில் காவலாளியும் மாறுவார். ஆனால் ஆங்கிலேயர் ஆச்சரியப்பட்டார்கள். ஓய்வுபெற்ற அமைச்சரவைச் செயலாளர்கள், வழக்கமாக வாயே திறக்காதவர்கள், பகிரங்கமாகக் கண்டித்தார்கள். அந்த ஆச்சரியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு நுனி சென்னையிலும் மறுநுனி கொழும்பிலும் முடிகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் அரச உத்தியோகம் என்பது தயவினால் கிடைப்பது. அந்தத் தயவின் களஞ்சியமே திறைசேரிதான். ஆளும் கட்சியின் பிரதம கொரடாவுக்கு உத்தியோகபூர்வப் பெயர் ‘திறைசேரியின் பாராளுமன்றச் செயலாளர்’. வழக்கத்தில் ‘பேற்றனேஜ் செயலாளர்’ என்பார்கள்; உத்தியோகம் பிடித்துக் கொடுக்கும் செயலாளர் என்று நாங்கள் சொல்லலாம். வாக்களித்த உறுப்பினருக்கு ஒரு சுங்க உத்தியோகம், தடுமாறுகிறவருக்கு மருமகனின் பெயரில் ஒரு எழுதுவினைஞர் வேலை. இவ்வாறுதான் பெரும்பான்மை காப்பாற்றப்பட்டது. இதற்கு வெட்கப்பட்டவரும் இருக்கவில்லை.

இதை உடைக்க வந்தவர் திறைசேரிக்குள்ளேயே இருந்தார். சாள்ஸ் ட்றெவெலியன் 1840 முதல் 1859 வரை அங்கு உதவிச் செயலாளர். பெயர்தான் உதவி, உண்மையில் நிரந்தர உத்தியோகத்தரின் தலைவர் அவரே. இளமையில் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் டெல்லிக்குப் போனவர். அங்கே தன் மேலதிகாரியான றெசிடென்ற் கோல்புறூக்கின் இலஞ்சத்தைக் காட்டிக்கொடுத்து அவரைப் பதவியிழக்கச் செய்தவர். மெக்கோலேயின் தங்கையைக் கல்கத்தாவில் மணந்தவர். கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது ட்றெவெலியனும் ஸ்ராபேட் நோத்கோட்டும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். 1853 நவம்பரில் கையொப்பமிட்டு அடுத்த ஆண்டு வெளியான அந்த அறிக்கை சுமார் இருபது பக்கம்தான். ஆர்வமில்லாதவரும் சோம்பேறிகளும் திறமையற்றவரும் வந்து ஒதுங்கும் இடமாக அரச சேவை ஆகிவிட்டது. பகிரங்கப் பரீட்சை வைத்து ஆளெடுங்கள். தகுதி பார்த்துப் பதவி உயர்த்துங்கள் என்பதே அதன் சாரம்.

கட்சிக்காரர் இலேசில் விடவில்லை. 1855இல் சிவில் சேவை ஆணைக்குழு வந்தது, ஆனால் பரீட்சைக்குத் தோற்றுபவரை இன்னமும் அமைச்சரே முன்மொழிந்தார். அக்காலத்துப் பேற்றனேஜ் செயலாளர் வில்லியம் ஹெய்ற்றர், தான் விரும்பியவர் நிச்சயமாகத் தேறவேண்டுமென்று, எப்போதும் தோற்கக்கூடிய இரண்டு மந்தர்களைக் கைவசம் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் போட்டிக்கு அனுப்புவாராம். ‘திறைசேரியின் மூடர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலான திணைக்களங்களில் பரீட்சை உண்மையிலேயே பகிரங்கமானது 1870இல், கிளாட்ஸ்டன் பிரதமரான பிறகு.

ட்றெவெலியனைப் பூமாலை போட்டுக் கும்பிடவேண்டியதில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டபோது நிவாரணப் பணத்தின் சாவி இவர் கையில்தான் இருந்தது. அவர் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாரென்று ஐரிஷ்காரர் இன்றும் மறக்கவில்லை. யாருடைய தயவிலும் தங்காத உத்தியோகத்தர் நேர்மையாக இருக்கலாம். இரக்கமுள்ளவராகவும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

1859இல் இவர் சென்னைக்கு ஆளுநராகப் போனார். சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் இவர் காலத்தது. அங்கேதான் வேடிக்கை நடந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் வெறுமையாகிப்போன கஜானாவை நிரப்ப, ‘எக்கொனமிஸ்ற்’ பத்திரிகையை நிறுவிய ஜேம்ஸ் வில்சனை இலண்டன் கல்கத்தாவுக்கு நிதி உறுப்பினராக அனுப்பியிருந்தது. அவர் 1860இல் வருமானவரியைக் கொண்டுவந்தார். அது தென்னாட்டுக்குப் பொருந்தாது என்று ட்றெவெலியன் எதிர்த்தார்; எதிர்த்ததோடு நில்லாமல் தன் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். உடனே இலண்டன் திருப்பியழைத்தது. அரச ஊழியர் பகிரங்கமாக வாய் திறக்கலாகாது என்ற சம்பிரதாயத்தின் தகப்பனாரே வாய் திறந்ததற்காகப் பதவியிழந்தார். அவருடைய இடத்துக்குக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டவர் இலங்கைத் தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட், கொழும்பு வோர்ட் பிளேஸுக்குப் பெயர் கொடுத்தவர். சென்னையில் இறங்கிச் சில வாரங்களில் வாந்திபேதியில் இறந்தார். அதே ஓகஸ்ற் மாதம் வில்சனும் கல்கத்தாவில் இறந்துபோனார். ட்றெவெலியனோ 1863இல் வில்சனின் அதே கதிரைக்கு, இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பிவந்தார்.

இந்தக் கதையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பரீட்சை கீழ்வாசலைத்தான் காக்கிறது. மேல்மாடியில் யார் இருப்பது, யார் இறங்குவது என்பதை எந்தப் பரீட்சையும் தீர்மானிப்பதில்லை. அங்கே இருந்தது சம்பிரதாயம் மட்டுமே. 1939இல் திறைசேரியின் தலைவரான சேர் ஹொறேஸ் வில்சன் தொழில் அமைச்சிலிருந்து வந்தவர்; பிரதமர் சேம்பர்லினின் நிழல். 1938 செப்ரெம்பரில் ஹிட்லரிடம் தூது போனவரும் அவரே. திறமைசாலிதான், ஆனால் அந்த நியமனத்தில் பிரதமரின் தோழமை மணக்கவில்லையென்று யார் சொல்வார்? 1940 மே மாதம் சேர்ச்சில் வந்ததும் டவுணிங் வீதி 10ஆம் இலக்கத்திலிருந்த அவருடைய அறையைப் பறித்தார். திறைசேரிக் கதிரையைப் பறிக்கவில்லை. வில்சன் 1942இல் அறுபது வயதாகும்வரை அங்கேயே இருந்து ஓய்வுபெற்றார். யுத்தகாலத்தில், அவ்வளவு வெறுப்புடன், சேர்ச்சிலே அந்த எல்லையைத் தாண்டவில்லை.

மார்கிறட் தட்சரும் பொறுமையாக இருந்தார். சேர் டக்ளஸ் வாஸின் கெயின்சியப் பொருளாதாரம் அவருக்குப் பிடிக்காது. ஆயினும் வாஸ் 1983இல் ஓய்வுபெறும்வரை காத்திருந்து, பின்னர் தன் போக்குக்கு இசைவான பீற்றர் மிடில்ரனை, மூத்தவர் சிலரைத் தாண்டி, உயர்த்தினார். தொழிற்கட்சி வேறு வழி கண்டது. 1997இல் கோர்டன் பிறவுண் தன்னுடைய ஆளான எட் போல்ஸைத் திறைசேரிக்குக் கொண்டுவந்தார். 1999இல் போல்ஸ் பிரதம பொருளாதார ஆலோசகரானார். அதற்குள் நிரந்தரச் செயலாளர் சேர் ரெறி பேர்ண்ஸ் விலகிப் போய்விட்டார். யாரும் துரத்தவில்லை, மரியாதையாகக் கதவு திறந்து வைக்கப்பட்டது. தகுதி பார்த்து நியமிப்பது என்ற நோத்கோட்–ட்றெவெலியன் கொள்கை சட்டப் புத்தகத்தில் ஏறியது 2010இல்தான். அந்தச் சட்டமும் சேவையை நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பிரதமரின் கையிலேயே விட்டிருந்தது.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலை மேய்க்கவேண்டும் என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியைச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. மண் கொடுக்காததைப் பரீட்சை கொடுத்தது. 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் பகிரங்கப் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையரானார். ட்றெவெலியன் இலண்டனில் திறந்த வாசலால் மானிப்பாயிலும் சுன்னாகத்திலும் வீடுகள் எழும்பின. விடைத்தாளுக்கு இனமில்லை என்று நாங்கள் நம்பினோம். அந்த விடைத்தாளை எந்த மொழியில் எழுதவேண்டுமென்று தீர்மானிப்பது அரசியல் என்பதை 1956 கற்பித்தது.

கற்பிப்பதற்குப் பயன்பட்ட பிரம்பும் திறைசேரியிலிருந்தே வந்தது. 1961 டிசம்பரில் வெளியான திறைசேரியின் 560ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சி இல்லாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு இல்லை என்றது. எழுதுவினைஞர் சேவையிலிருந்த கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர்நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடரமுடியாது என்று அதைப் புரட்டியது. இறுதியில் வழக்கு இலண்டனுக்கு வந்தது. கோமறைக் கழகம் அமர்ந்த மண்டபம் எங்கே? அதே டவுணிங் வீதியில். நிதியமைச்சரின் 11ஆம் இலக்க வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு, ஊழியர் வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைக் கொழும்புக்கே திருப்பியனுப்பினார். அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. சிறிது காலத்தில் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் அடைக்கப்பட்டது.

1931இன் டொனமூர் யாப்பு, திறைசேரியை மக்கள் தெரிந்த அமைச்சரிடம் கொடுக்காமல் நிதிச் செயலாளர் என்ற அரச உத்தியோகத்தரிடம் வைத்திருந்தது. அது குடியேற்றவாதியின் அவநம்பிக்கை, நியாயமென்று சொல்லமாட்டேன். 1947இல் சோல்பரி யாப்பு பொதுச்சேவை ஆணைக்குழுவைத் தந்தது. 1972 யாப்பு அதைக் கலைத்து நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொடுத்தது. ‘நிரந்தரச் செயலாளர்’ வெறும் ‘செயலாளர்’ ஆனார். 1978 யாப்பில் அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சரவை கலைந்தால் அவர் பதவியும் கலையும். சுதந்திரமான ஆணைக்குழுக்களைக் கொண்டுவந்த 2001இன் 17ஆவது திருத்தமும் இந்தக் கதிரையைத் தொடவில்லை. எங்களவர் சிலர் இந்த ஏற்பாட்டால் பயனடையவில்லையா என்று கேட்பீர்கள். பிரேமதாசாவின் வீடமைப்பு அமைச்சில் செயலாளராயிருந்த பாஸ்கரலிங்கம், அவர் ஜனாதிபதியானதும் 1989இல் நிதியமைச்சின் செயலாளரானார். தமிழர் ஒருவர் அந்தக் கதிரையில் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஒரு மனிதரின் நம்பிக்கையால் திறந்த கதவு அது. எழுதுவினைஞர் எவருக்கும் 560ஆம் சுற்றறிக்கை பறித்ததை அது திருப்பித் தரவில்லை.

பின்னர் வந்தவர் பீ.பீ. ஜயசுந்தர. லங்கா மரைன் சேர்விசஸ் விற்பனை தொடர்பில் 2008இல் உயர்நீதிமன்றம் அவரைக் கண்டித்து ஐந்து இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. இனி அரச பதவி ஏற்கமாட்டேனென்று அவர் சத்தியக்கடதாசி கொடுத்தார். மறுவருடம், வேறொரு பிரதம நீதியரசரின் காலத்தில், நீதிமன்றம் அந்த வாக்குறுதியிலிருந்து அவரை விடுவிக்க, மகிந்த ராஜபக்ச மீண்டும் அவரைத் திறைசேரியில் அமர்த்தினார். 2019இல் கோத்தாபய வந்ததும் அவர் ஜனாதிபதியின் செயலாளர், திறைசேரிக்கு எஸ்.ஆர். ஆட்டிகல. அந்த டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு வெட்டப்பட்டது. 2021 செப்ரெம்பரில் இராஜாங்க அமைச்சரான அஜித் நிவாட் கப்ரால் பாராளுமன்ற ஆசனத்தை விட்டெழுந்து மத்திய வங்கி ஆளுநரின் ஆசனத்தில் அமர்ந்தார். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது.

ஐந்து மாதங்களின் பின் இலண்டன். அங்கும் வரிவெட்டு; 45 பில்லியன் பவுண். அங்கும் மறுத்துப் பேசக்கூடியவர் முதலே அகற்றப்பட்டிருந்தார். செலவொன்று தகாதென்று கண்டால் நிரந்தரச் செயலாளர் அமைச்சரிடம் எழுத்தில் பணிப்புரை கேட்கலாம், அதன் பிரதி கணக்காய்வாளர் நாயகத்துக்குப் போகும் என்றொரு நல்ல ஏற்பாடு இந்நாட்டில் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் கதிரையில் இருக்கவேண்டுமே. செப்ரெம்பர் 23ஆம் திகதி குவார்ட்டெங் திட்டத்தை வாசித்தார். 26ஆம் திகதி பவுண் 1.04 டொலருக்கும் கீழே விழுந்தது. 28ஆம் திகதி இங்கிலாந்து வங்கி அரச கடன்பத்திரங்களை வாங்கி ஓய்வூதிய நிதியங்களைத் தாங்கிப் பிடித்தது. ஒக்ரோபர் 10ஆம் திகதி, திறைசேரியில் நெடுங்காலம் பழகிய ஜேம்ஸ் போலரையே ஸ்கொலரின் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். 14ஆம் திகதி குவார்ட்டெங்கும், அந்த மாதம் முடியுமுன் ட்ரஸும் போயினர். வீட்டுக்கடன் வட்டி ஏறியபோது ஈஸ்ற்ஹாமிலும் ஹறோவிலும் எங்கள் வீடுகளுக்கும் அந்தக் கடிதங்கள் வந்தன.

இலண்டனில் இதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. கொழும்பில் விசாரித்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர்நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால், பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பானவர்கள் என்று ராஜபக்ச சகோதரர் மூவரோடு கப்ராலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. செயலாளர்களான ஜயசுந்தரவும் ஆட்டிகலவும் அதே பட்டியலில் இருந்தனர். சிறையுமில்லை, நட்டஈடுமில்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா கொடுக்கும்படி உத்தரவாயிற்று.