தனுஷ்கோடியைக் கடல் கொண்ட பிறகு

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், மணலில் நிற்கும் இடிந்த தேவாலயத்தைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் 22 வரை அங்கே தனுஷ்கோடி என்ற துறைமுக ஊர் இருந்தது. இரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் எல்லாம் உண்டு. தலைமன்னார் செல்லும் கப்பல் அங்கிருந்துதான் புறப்பட்டது.

அன்றிரவு அடித்த புயற்காற்று கடல் நீரைக் கரைமேல் தள்ளிற்று. ஆழம் குறைந்த கடலில் இவ்வாறு தள்ளப்படும் நீர் மிக உயரமாக எழும். ஊரோடு, வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலும் போயிற்று.

தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாறியது. மக்களும் இடம் பெயர்ந்தனர். ஆனால் மீனவர் சிலர் திரும்பி வந்து, மின்சாரமில்லாத ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தனர். அவர்கள் வலை வீசும் கடல் அங்கேதானே இருந்தது!

புயல் ஓரிரவில் செய்ததை, வெப்பமடையும் பூமியில் கடல் மெல்லச் செய்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது. வங்காளத்தில் ஊக்ளி ஆற்று முகத்துவாரத்திலிருந்த லோஹாச்சரா தீவு, அரிப்பினால் நீரில் மறைந்தது. அதன் மக்கள் அருகிலுள்ள சாகர் தீவில் குடியேறினர். இப்போது சாகரின் கரையும் கரைந்து வருகிறது.