ஒரே தோட்டா, வேறு வேறு வகுப்பு: கனடாவில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளின் வகைப்பாடும் இறக்குமதியும்

கனடாவின் குற்றவியல் சட்டத் தொகுப்பு துப்பாக்கிகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது: தடைசெய்யப்பட்டவை, கட்டுப்படுத்தப்பட்டவை, இவ்விரண்டிலும் சேராதவை. மூன்றாம் வகுப்பைக் கட்டுப்பாடற்றவை என்று சொல்வது வழக்கமானாலும் அதற்கும் உரிமம் வேண்டும். கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் கடமை 1934இலேயே வந்துவிட்டது; மூன்று வகுப்புப் பிரிவினை 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உருவானது. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கிகளை 1978 ஜனவரி 1 முதல் தடை வகுப்பில் சேர்த்தார்கள். அதற்கு முன் பதிவான துப்பாக்கிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் பாய்ந்து, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும் அரைத் தானியங்கிகள் இந்தத் தடைக்கு வெளியே நின்றன. பின்னர் எழுந்த சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கூட்டத்தைப் பற்றியதே.

இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே என்பதை 1993இல் ஹாசல்வாண்டர் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. வழக்குக்குரிய மினி-உசி (Mini-Uzi) துப்பாக்கி அரைத் தானியங்கியாகவே இருந்தது. ஆனால் குறுகிய நேரத்தில், அதிகச் சிரமமின்றி முழுத் தானியங்கியாக மாற்றக்கூடியது எதுவோ அதுவும் தடைக்கு உட்பட்டதே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். துப்பாக்கி இன்று எப்படிச் சுடுகிறது என்பதோடு, அது எதிலிருந்து வந்தது, எதுவாக மாறக்கூடும் என்று பார்க்கும் போக்கு இத்தீர்ப்பால் வலுப்பட்டது.

1989 டிசம்பர் 6 அன்று மாண்ட்ரியலின் எக்கோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி பயன்படுத்தியது சட்டப்படி வாங்கிய ரூகர் மினி-14 என்னும் அரைத் தானியங்கி. அதன் விளைவாக 1991இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு வந்தது: அடிப்பகுதியின் மையத்தில் ஊசி தட்டி வெடிக்கும் தோட்டாக்களைச் சுடும் நீண்ட அரைத் தானியங்கிகளுக்கு 5, கைத்துப்பாக்கிகளுக்கு 10. இந்த வரம்பிலும் ஓட்டைகள் இருந்தன. இரண்டாம் உலகப்போர்க் கால எம்1 கேரண்டுக்கு அதன் 8 தோட்டாக்கள் அனுமதிக்கப்பட்டன. மேகசின் எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதே கணக்கு என்பதால், கைத்துப்பாக்கிக்கான 10 தோட்டா மேகசினை அது பொருந்தும் ரைபிளில் செருகுவது குற்றமாகவில்லை.

அதே பத்தாண்டில் அமைச்சரவை ஆணைகள் பெயர் குறித்துத் துப்பாக்கிகளை வகுப்பேற்றின. ஏகே குடும்பத்தின் பெரும்பகுதி தடையில் விழுந்தது, ஏஆர்-15 கட்டுப்படுத்தப்பட்டதாயிற்று. மாண்ட்ரியலில் பயன்பட்ட மினி-14 எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஏஆர்-15, மினி-14 இரண்டும் சுடுவது ஒரே அளவுத் தோட்டாவை. சுடும் வேகத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனாலும் 2020 வரை ஏஆர்-15 வைத்திருந்தவரால் அதை அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில்தான் பயன்படுத்த முடிந்தது. மினி-14 வைத்திருந்தவரால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போக முடிந்தது. ஒன்று ராணுவ எம்-16இன் சாயலைக் கொண்டது, மற்றொன்று மரக்கட்டை பொருத்திய பண்ணைத் துப்பாக்கி போலத் தோன்றுவது. வகைப்பாட்டில் தோற்றத்துக்கும் பரம்பரைக்கும் கிடைத்த எடையை இந்த ஓர் இணையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

பெயரின்றி அளவால் வகுக்கும் விதிகளும் உண்டு. மைய வெடிப்பு அரைத் தானியங்கியின் குழல் 470 மில்லிமீட்டருக்குக் குறைவானால் அது கட்டுப்படுத்தப்பட்டது. மடித்தோ சுருக்கியோ 660 மில்லிமீட்டருக்குக் குறைந்த நீளத்தில் சுடக்கூடியதும் அப்படியே. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரைபிள் குழலின் வரம்பு 16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 406 மில்லிமீட்டர். அங்கே சாதாரணமாக விற்கும் துப்பாக்கி எல்லையைக் கடந்ததும் வகுப்பு மாறிவிடக்கூடும் என்பதால், உற்பத்தியாளர்கள் கனடாவுக்கென்றே குழலை நீட்டினார்கள். இஸ்ரேலின் டாவோர் ரைபிள் 18.6 அங்குலக் குழலுடன் கனடாவில் விற்றது இப்படித்தான். வரம்பைத் தாண்டியது இரண்டு மில்லிமீட்டர் அளவில். சீனத் துப்பாக்கிகளில் நிலைமை தலைகீழ். 1994இல் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைப் பெரும்பாலும் நிறுத்தியது, கனடா நிறுத்தவில்லை. எம்-14ஐ ஒட்டி நோரிங்கோ செய்த மலிவான ரைபிள்கள் கனடியக் கடைகளில் பல்லாண்டு விற்றன.

இறக்குமதியில் வகுப்புதான் வாசல். எல்லைச் சேவைகள் முகமை சுங்கப் பட்டியலின் 9898.00.00 என்னும் இனத்தின்கீழ் தடைக்குரியவற்றை மறுக்கிறது. கனடிய உரிமம் உள்ளவர் கட்டுப்பாடற்ற ரைபிளை அறிவித்துக் கொண்டுவரலாம். வெளிநாட்டவருக்கு 25 டாலர் கட்டணத்தில் 60 நாள் செல்லும் அறிவிப்புப் படிவம் உண்டு. தடைசெய்யப்பட்டதைத் தனியார் கொண்டுவர வழியில்லை என்றே சொல்லலாம். எது எந்த வகுப்பு என்று பார்க்க ஆர்.சி.எம்.பி. எனப்படும் நடுவண் காவல்துறை பேணும் துப்பாக்கி மேற்கோள் அட்டவணையைப் புரட்டுகிறார்கள். அது சட்டம் அல்ல, வல்லுநர் கருத்து மட்டுமே. நடைமுறையிலோ அதன் சொல் எடுபடுகிறது.

2014 பிப்ரவரியில் இந்த முரண் வெளிப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டுப்பாடற்றதாக விற்ற ஸ்விஸ் ஆர்ம்ஸ் கிளாசிக் கிரீன் ரைபிள், தடையில் பெயர் உள்ள எஸ்ஜி-550இன் வழித்தோன்றல் என்று ஆர்.சி.எம்.பி. அறிவித்தது. செக் நாட்டு சிஇசட்-858களில் ஒரு பகுதி, முழுத் தானியங்கியிலிருந்து மாற்றப்பட்டவை என்று கண்டது. உரிமையாளர்கள் ஒரே இரவில் குற்ற விளிம்பில் நின்றார்கள். அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு 2015இல் சட்டத்தைத் திருத்தி, அமைச்சரவையே இத்தகைய முடிவை மாற்றலாம் என்றாக்கி அவற்றை விடுவித்தது. 2019இன் சட்டம் அந்த அதிகாரத்தை நீக்கியது.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டபின், மே 1 அன்று வந்த ஆணை 1,500க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் தடைசெய்தது. ஒன்பது குடும்பங்களின் அப்பட்டியலில் ஏஆர்-15, எம்-14, சிஇசட்-858, கிளாசிக் கிரீன் ஆகியவற்றோடு மினி-14உம் இருந்தது. மாண்ட்ரியலுக்குப் பின் அது தடைப்பட முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கட்டுப்பாடற்ற நீண்ட துப்பாக்கிகளின் பதிவேட்டை 2012இல் ஒழித்திருந்ததால், புதிதாகத் தடைப்பட்டவற்றில் பல யாரிடம் உள்ளன என்ற முழு விவரம் நடுவண் அரசிடம் இல்லை. ஆணை செல்லும் என்று நடுவண் நீதிமன்றம் 2023 அக்டோபரிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஏப்ரலிலும் தீர்ப்பளித்தன.

பெயர்ப் பட்டியல் எப்போதும் சந்தைக்குப் பின்னால் ஓடுவது. 2024 டிசம்பரில் 324 மாதிரிகளும், 2025 மார்ச்சில் 179 மாதிரிகளும் அதில் சேர்ந்தன. இந்த ஓட்டத்துக்கு மாற்றாகவே 2023 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொது வரையறை ஒன்றைத் தந்தது: கைத்துப்பாக்கி அல்லாத, மைய வெடிப்புத் தோட்டாவைச் சுடும், கழற்றக்கூடிய மேகசினில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும்படி முதலில் வடிவமைத்த அரைத் தானியங்கி எதுவும் தடைசெய்யப்பட்டது. ஆனால் அன்றோ அதன் பின்னரோ வடிவமைத்துத் தயாரித்தவற்றுக்கே அது பொருந்தும். வெளியே இருக்கும் பழைய துப்பாக்கிகளைத் தொடாத வரையறை இது.

சோவியத் எஸ்கேஎஸ் இதில் தனிக்கதை. அது சுடுவது ஏகே-47இன் அதே 7.62 மி.மீ. தோட்டா. கழற்ற முடியாத, ஐந்தோடு அடைத்த மேகசின் அதற்குண்டு. ராணுவ மிச்சமாக மலிவாக இறக்குமதியானதால் வடக்கின் வேட்டைக்காரர்கள் பலரிடம் அது இருக்கிறது. 2022 நவம்பரில் அதையும் தடைக்குள் இழுக்கக்கூடிய திருத்தங்களை அரசு முன்வைத்தது. 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு காக்கும் பழங்குடியினரின் வேட்டை உரிமையைச் சுட்டி முதற்குடிகள் பேரவை எதிர்த்தது. 2023 பிப்ரவரியில் அரசு திருத்தங்களை விலக்கிக்கொண்டது. 2024, 2025 ஆணைகளிலும் எஸ்கேஎஸ் சேரவில்லை.